ஆறு வாரக் கஞ்சி

நம் லயத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், நீங்கள் எல்லோரும் உருகிப் போகிறீர்கள். தேவிகுளத்துக்குக் கீழே, தேயிலை ஃபேக்டரிக்குப் பின்னால், ஒரே தகரக்கூரையின் கீழ் ஒட்டி நின்ற பத்து வீடுகள். ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் பத்து வீட்டுக்கும் மணக்கும் என்கிறீர்கள். ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் பத்து வீட்டு ஆட்களும் வந்து நிற்பார்கள் என்கிறீர்கள். மணந்தது உண்மைதான். வந்து நின்றதுதான் எனக்கு நினைவில் இல்லை.

எனக்குப் பதினொரு வயதில் ஒன்று நடந்தது. பத்து வீட்டுக்கும் தெரிந்தே நடந்தது. உங்களில் பாதிப் பேர் அதுவரை என்னோடு தினமும் நாலு மைல் நடந்து பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள். இத்தனை வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன். கோபத்தோடுதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் எழுந்து போகலாம்.

அது எழுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அம்மா மேட்டுக்காட்டில் கொழுந்து எடுத்துவிட்டு, நிறைந்த கூடையோடு இறங்கும்போது வழுக்கினாள். கூடையின் கயிறு நெற்றியில் இருந்ததால் கையை ஊன்ற முடியவில்லை. வடிகால் கல்லில் முகம் அடித்து விழுந்தாள். கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. தோட்டத்துக் கம்பவுண்டர் துணியால் தாடையைத் தூக்கிக் கட்டி, லாரியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்து அம்மா திரும்பி வந்தபோது அவள் வாய் கம்பியால் பூட்டப்பட்டிருந்தது.

பூட்டு என்றுதான் சொல்ல வேண்டும். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்து மெல்லிய கம்பியால் பின்னி முறுக்கியிருந்தார்கள். வாய் இம்மிகூடத் திறக்காது. பேச்சு இல்லை. தொண்டையிலிருந்து "ம்ம்" என்ற ஒலி மட்டும் வரும். வலதுபக்கம் முன்பே ஒரு பல் விழுந்த இடைவெளி இருந்தது. அதன் வழியாகத்தான் இனி சோறு தண்ணீர் எல்லாம்.

"வெறும் பாலக் குடுத்தா ஆள் தேறாதுன்னு நர்சம்மா சொல்லிட்டாக" என்றார் அப்பா. "அரிசியும் காய்கறியும் கொழையக் கொழைய வேகவச்சு, வடிகட்டிக் கஞ்சியா குடுக்கணுமாம். ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்கா. ஆறு வாரம்."

அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் விடிந்தால் காட்டுக்குப் போய்விடுவார்கள். வீட்டில் மிச்சம் இருந்தது அண்ணனும் நானும். அண்ணனுக்குப் பதினேழு வயது. பத்தாம் வகுப்பில் தோற்றுவிட்டு, தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிய வேண்டிக் காத்திருந்தான். காத்திருப்பது என்றால் பகல் முழுவதும் போர்வைக்குள் கிடப்பது, மாலையில் டீக்கடை ரேடியோவுக்குக் கீழே போய் நிற்பது.

அப்பா என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"எனக்கு ஸ்கூலு இருக்குப்பா."

"ஆறு வாரந்தாம்ட்டி. ஆறு வாரத்துல பள்ளிக்கூடம் எங்கிட்டு ஓடிரப் போகுது?"

"அண்ணன் சும்மாதான இருக்கான்?"

போர்வைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "எனக்கு அடுப்பு பத்தவைக்கவே தெரியாது."

"ஆம்பளப் பய அடுப்பு முன்னால குந்தியிருந்தா லயமே சிரிக்கும்" என்றார் அப்பா.

எனக்கும்தான் தெரியாது. அதுவரை நான் காப்பித் தண்ணியைத் தவிர எதையும் கொதிக்க வைத்ததில்லை. தெரியாது என்று அண்ணன் சொன்னபோது அது ஒரு காரணமாக இருந்தது. நான் சொன்னபோது இல்லை. "கத்துக்க" என்றார் அப்பா.

முதல் நாள் கஞ்சியைச் சொல்கிறேன். ரேஷன் கடையில் போடும் தடித்த புழுங்கலரிசி, கல்லும் உமியுமாக. வீட்டுக்குப் பின்னால் அம்மா போட்டிருந்த பாத்தியில் கேரட்டும் பீன்சும் இருந்தன, வேலியில் சௌசௌ கொடி. எல்லாவற்றையும் நறுக்கி, அரிசியோடு பானையில் போட்டேன். கவாத்து வெட்டிக் கொண்டுவந்த தேயிலைக் குச்சிதான் விறகு. மழையில் நனைந்திருந்தது. ஊதி ஊதி என் கண் வீங்கியது. இரண்டு மணி நேரம் கழித்துக் கரண்டியால் மசித்தேன். கூழ் மாதிரி ஆகிவிட்டது, போதும் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுச் சித்தியின் கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் பித்தளைப் பாலாடையை வாங்கி, அதன் மூக்கை அம்மாவின் பல் இடைவெளியில் வைத்துச் சாய்த்தேன்.

இரண்டாவது வாயில் பீன்ஸ் நார் ஒன்று கம்பியில் சிக்கியது. அம்மாவுக்கு இருமல் வந்தது. வாயைத் திறக்க முடியாமல் இருமுவதை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். மூக்கு வழியாகக் கஞ்சி வந்தது. முகம் கருத்து, கண் பிதுங்கி, தரையைக் கையால் அடித்தாள். அம்மாவைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். "அண்ணே! அண்ணே!" என்று கத்தினேன். அண்ணன் எழுந்தான், பார்த்தான், வெளியே போய்விட்டான். ரத்தம் பார்த்தால் அவனுக்கு மயக்கம் வருமாம். ரத்தமே இல்லை அங்கே.

அம்மாவே தலையைக் கவிழ்த்து, முன்னால் சாய்ந்து, எப்படியோ மூச்சை மீட்டுக்கொண்டாள். கண்ணாடியைப் பிடிக்கச் சொல்லிச் சைகை காட்டி, தலையிலிருந்த கொண்டை ஊசியால் அந்த நாரைத் தானே எடுத்தாள். எடுத்துவிட்டு என் தலையில் கை வைத்தாள். நான் அழுத அழுகை அன்றைக்கு அவள் அழவேண்டியது.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. பயம்தான் சொல்லித் தந்தது. பீன்ஸை ஒதுக்கினேன். அரிசியை விடியற்காலையில் ஊறப்போட்டு, அம்மியில் ஒன்றிரண்டாக உடைத்துக்கொண்டேன். பால்பவுடர் டின் மூடியில் ஆணியால் துளை போட்டு, அதன் சொரசொரப்புப் பக்கத்தில் கேரட்டைத் துருவினேன். விரல் நுனியும் சேர்ந்து துருவப்பட்டது. சௌசௌவின் தோலைத் தடிமனாகச் சீவினேன், இல்லையென்றால் பிசுபிசுக்கும். முட்டைக்கோஸில் உள் இலை மட்டும். ஒரு பல் பூண்டு, இரண்டு சின்ன வெங்காயம், கொஞ்சம் சீரகம். எல்லாம் சேர்ந்து குமிழி விட்டுக் கொதிக்கும்போது பானை விளிம்பில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நுரை கட்டும். அது அடங்கினால் பக்குவம். இறக்கி, கடைந்து, அப்பாவின் பழைய வேட்டித் துண்டில் வடிகட்டுவேன். துணியை முறுக்கிப் பிழியும்போது சூட்டில் உள்ளங்கை வெந்துபோகும். இரண்டாவது தடவை வடிகட்டுவேன். மூன்றாவது தடவையும் வடிகட்டுவேன். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பேன். பிறகுதான் பாலாடை.

நன்றாக வந்தது. அம்மாவின் கன்னத்தில் குழி மறைந்தது. அவள் கண்ணை மூடி விழுங்குவதைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நன்றாக வந்ததுதான் எனக்கு வினையாகவும் போயிற்று.

ஒருநாள் அப்பா கரண்டியில் எடுத்து ருசி பார்த்தார். "ஒங்காத்தா கையவிட ஒங்கை நல்லாருக்கேட்டி" என்றார். மறுநாள் அவருக்கும் ஒரு கிண்ணம். அதற்கு மறுநாள் அண்ணனுக்கும். அவன் வடிகட்டாததைக் கேட்டான், கூட மிளகும் கேட்டான். ஒரு செம்பு அளவு கொதித்த கஞ்சி பானை அளவுக்கு வளர்ந்தது. கஞ்சியோடு சோறு, சோற்றோடு குழம்பு, குழம்போடு துணி துவைப்பது, ஓடையிலிருந்து தண்ணீர் எடுப்பது. நான்காவது வாரத்தில் அந்த வீட்டை முழுவதும் நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் புத்தகப் பை ஆணியில் தொங்கி, புகை படிந்து கறுத்தது.

தினமும் காலையில் நீங்கள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போவீர்கள். முதல் வாரம் "வரலியா?" என்று கேட்டீர்கள். அப்புறம் கேட்கவில்லை.

ஐந்தாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீச்சர் வந்தார். எங்கள் வகுப்பு டீச்சர், மலையாளம் கலந்த தமிழ் பேசுவார். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, சேலையில் சேறு தெறித்திருக்க உள்ளே வந்து நின்றார். நாலு மைல் மழையில் நடந்து வந்திருக்கிறார். அப்பா அன்று வீட்டில் இருந்தார். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"குட்டி நல்லாப் படிக்குது" என்றார் டீச்சர். "ஓண லீவுக்கு முந்தின பரீட்சை வருது. அதுக்காவது அனுப்பணும். இனியும் வராம இருந்தா பேரு வெட்டிடுவாங்க."

"வீட்டு நெலமையப் பாக்கீகள்ல டீச்சர்" என்றார் அப்பா.

"மூத்த பையன் உண்டல்லோ?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். டீச்சர் அம்மாவின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"நீங்க சொல்லுங்க. குட்டிய அனுப்பலாமா?"

அம்மா பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்துத் தரையில் தட்டினாள். ஒருதரம் இல்லை. டங், டங், டங் என்று. "ம்ம்! ம்ம்!" என்று தொண்டையிலிருந்து சத்தம் வந்தது. கையை நீட்டி வாசலைக் காட்டினாள். மறுபடி டம்ளர், மறுபடி வாசல்.

டீச்சர் விழித்தார். "என்ன சொல்றாங்க?"

"கஞ்சிக்கு நேரமாயிருச்சு டீச்சர்" என்றார் அப்பா. "பசி வந்தா இப்படித்தான் டம்ளரத் தட்டுவா. வாசலக் காட்டுதா பாருங்க, ஒங்களப் போகச் சொல்லுதா. தப்பா நெனச்சுக்காதீக, வலியில புத்தி ஒரு நெலையா இல்ல."

டீச்சர் எழுந்தார். முகம் சுருங்கிப்போயிருந்தது. நாலு மைல் நடந்து வந்தவரை வெளியே போ என்று கை காட்டினால் யாருக்குத்தான் சுருங்காது? "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

நான் ஓடிப்போய்க் கஞ்சியை எடுத்து வந்தேன். அம்மா தட்டிவிட்டாள். மூன்று தடவை வடிகட்டிய கஞ்சி தரையில் ஓடியது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "ஒனக்காகத்தானம்மா நான் ஸ்கூலுக்கே போகாமக் கெடக்கேன்! ஒனக்கு டீச்சரும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாமா?" என்று கத்தினேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து கம்பி அவிழ்க்கும் நாள்வரை நான் அவள் முகத்தைப் பார்க்காமலே புகட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

இத்தனையும் நடந்தபோது வாசலுக்கு வெளியே நின்றிருந்தீர்கள். டீச்சர் வந்தால் வேடிக்கை பார்க்க லயமே கூடும். உங்கள் அம்மாக்களும் நின்றிருந்தார்கள். என் அம்மா தட்டியது பசிக்கு அல்ல என்பது அந்தப் பெரிய பெண்களில் ஒருத்திக்குக்கூடவா தெரியாது?

ஆறாவது வாரம் முடிந்து பெரிய ஆஸ்பத்திரியில் கம்பியை வெட்டி எடுத்தார்கள். வழியில் புகட்டுவதற்காக என்னையும் கூட்டிப்போயிருந்தார்கள். திரும்பும் பஸ்ஸில் அப்பா முன்சீட்டில் தூங்கிவிட்டார். அம்மாவின் தாடை மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தது. ஒரு விரல் நுழையும் அளவுதான் வாய் திறந்தது. அந்த இடுக்கு வழியாக அவள் பேசிய முதல் பேச்சு இது:

"பரீட்ச... எழுதுனியா?"

"எங்கிட்டு எழுத? நீதான் டீச்சரப் போகச் சொல்லிட்டியே."

அம்மா என்னையே பார்த்தாள். எச்சில் ஒழுகியதைத் துடைத்துக்கொண்டாள்.

"அவகள இல்ல" என்றாள். "ஒன்னயப் போகச் சொன்னேன். அவக கூட இப்பமே கெளம்பிப் போன்னு சொன்னேன்."

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தது. நான் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தேன். மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டக்டர் நினைத்திருப்பார்.

மறுநாளே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். பேர் வெட்டியாகிவிட்டது. அதுமட்டுமில்லை. டீச்சர் வந்துபோன மறுவாரமே, மகளைப் படிப்பிலிருந்து நிறுத்திக்கொள்கிறேன் என்று அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் அங்கே இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தது அண்ணன். எங்களிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீச்சர் அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

"திரும்பச் சேர்க்கணும்னா தகப்பனார் வந்து ஒப்பு போடணும்" என்றார் ஹெட்மாஸ்டர்.

"நான் பெத்தவ, நான் கைநாட்டு வைக்கேன்."

"அது பத்தாது."

அம்மா மூன்று தடவை நடந்தாள். மூன்று தடவையும் அதே பதில். அப்பா வரவில்லை. "வயசுக்கு வரப்போற புள்ளைய நாலு மைலு காட்டுப் பாதையில அனுப்பச் சொல்லுதியா? போனது போச்சு. வீட்டு வேல பழகிருச்சு, அப்படியே இருக்கட்டும்" என்றார். ஆறு வாரம்தான் என்று சொன்ன அதே வாய்.

மூன்றாவது தடவை போய்த் திரும்பிய மாலையில் அம்மா அடுப்பு மூட்டவில்லை. என்னையும் மூட்டவிடவில்லை. அப்பா வேலையிலிருந்து வந்து தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அவ இனிமே இந்த வீட்டுல ஆம்பளைகளுக்குப் பொங்க மாட்டா" என்றாள் அம்மா. தாடை இன்னும் சரியாக அசையாததால் ஒவ்வொரு சொல்லையும் கடித்துக் கடித்துச் சொன்னாள். "நானும் காட்டுக்குப் போயிட்டு வந்து பொங்க மாட்டேன். சும்மா இருக்கவன் பொங்கட்டும்." பானையை எடுத்து அண்ணன் முன்னால் வைத்தாள்.

அப்பா கையை ஓங்கினார். அம்மா நகரவில்லை. "அடிங்க" என்றாள். "இன்னொருக்கா ஒடைங்க. இன்னும் ஆறு வாரம் நான் பேசாமக் கெடக்கேன்." ஓங்கிய கை இறங்கிவிட்டது. இரண்டு நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. மூன்றாம் நாள் அண்ணன் எரித்தான். கரிந்த சோற்றை அம்மா ஒரு பருக்கை விடாமல் தின்றாள்.

ஆனால் அதனால் எனக்குப் பள்ளிக்கூடம் திரும்பி வரவில்லை. வேலைக்குச் சேரும் வயது வந்ததும் கூடை கட்டிக்கொண்டேன். முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து எடுத்தேன். படித்தால் நான் என்னவாகியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விடவில்லை என்பதுதான் என் வழக்கு.

"அந்தக் காலம் அப்படி" என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லாதீர்கள். அதே லயத்தில், அதே காலத்தில், ஆறாம் வீட்டுக்காரர் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். அவர் தானே பொங்கிப் போட்டு மகளை அனுப்பினார். லயம் சிரித்தது. அவர் கவலைப்படவில்லை. அந்த மகள் நர்ஸாகி ஓய்வு பெற்று உங்களோடுதான் உட்கார்ந்திருக்கிறாள். காலம் எல்லோருக்கும் ஒன்றுதான். அப்பா கெட்டவர் இல்லை, சாராயம் தொடாதவர், சாகும்போது என் மடியில்தான் செத்தார். நான் அழுதேன். மன்னிக்கவில்லை.

அண்ணனுக்குத் தோட்டத்தில் பேர் பதியவே இல்லை. கரிந்த சோற்றில் ஆரம்பித்தவன் நல்ல சோறு ஆக்கப் பழகி, மூணாறில் லாட்ஜ் சமையல்காரன் ஆனான். சுற்றுலாக்காரர்கள் பெருகப் பெருக அவன் கை ஓங்கியது. பெரிய சமையல் மாஸ்டர் என்று பேர் வாங்கினான். ஆண்பிள்ளை அடுப்பு முன்னால் உட்கார்ந்து வீடு கட்டினான், யாரும் சிரிக்கவில்லை.

போன மாதம் அவன் வீட்டுக் காதுகுத்துக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். பந்திக்கு முன்னால் சின்னக் காகிதக் கோப்பைகளில் அரிசியும் காய்கறியும் போட்ட சூப் கொடுத்தான். மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"எங்கம்மாவுக்குத் தாடை ஒடஞ்சு கெடந்தப்ப, ஆறு வாரம் நான் காய்ச்சிக் குடுத்த கஞ்சி இது. இதுதான் என்னோட மொதச் சமையலு."

நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். என்னோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்த நீங்கள், கை தட்டினீர்கள்.

நான் எழுந்தேன். "அண்ணே, அத நான் காய்ச்சுனேன்" என்றேன். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

அவன் சிரித்தான். "யாரு காய்ச்சுனா என்னம்மா, நம்ம வீட்டுக் கஞ்சிதான?" நீங்களும் சிரித்தீர்கள். பந்திக்கு இலை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

என் பக்கத்தில் அண்ணனின் பேத்தி உட்கார்ந்திருந்தாள். ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தப் பாட்டி, ஆறு வாரமும் நீங்க லீவா? அப்புறம் எப்ப ஸ்கூலுக்குப் போனீங்க?"

ஐம்பது வருஷத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்.

"போகல கண்ணு."

"ஏன் போகல?"

"ஒங்க தாத்தாகிட்டக் கேளு" என்றேன். "பள்ளிக்கூடத்துக்குக் காகிதம் கொண்டுபோயிக் குடுத்தது அவருதான். அவருக்குத் தெரியும்."

அவள் எழுந்து பந்திக்கு நடுவே நேராக அவனிடம் நடந்தாள். பரிமாறிக்கொண்டிருந்தவன் குனிந்து, காதைக் கொடுத்தான். அவள் கேட்டாள். அவன் நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடினான். நான் அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.